அல்லது

சபை அமர்வு, பிற்பகல் இரண்டரை.
மூன்று மின்விசிறிகளில் ஒன்று சுழல்கிறது.
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
வாய் திறக்காதிருப்பதும் அதற்குள் அடக்கம்.

விடயம் ஏழு:
புளியந்தீவில் வாடகைக்கு இருப்போர் வெளியேறுவது.
"வெளியேறுவது" வேண்டாம் என்றார் செயலாளர்.
"இடம்பெயர்வது" என்று போடலாமா?
அது வேறு காலத்துச் சொல்,
போட்டால் கோப்பு வேறு அமைச்சுக்குப் போய்விடும்.
கடைசியில் "குடியிருப்பு நெருக்கடி" என்று எழுதினேன்.
நெருக்கடி என்றால்
யாரும் எங்கும் போகவில்லை,
கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறார்கள்.

பாலங்களைத் தவிர எல்லாப் பக்கமும் வாவி.
"தீவை இழுத்து நீட்ட ஏலாது" என்றார் ஓர் உறுப்பினர்
அன்றுதான் கண்டுபிடித்ததைப் போல.
வாடகையை நீட்டுகிறார்களே
என்று நான் எழுதவில்லை.

பூட்டிய வீடுகள் அறுபத்தெட்டு,
வருமானப் பரிசோதகர் வாசித்தார்.
பூட்டு இங்கே, திறப்பு ரொறொன்ரோவில்.
இரட்டைச் சோலைவரி போடுவோம் என்றது ஒரு குரல்.
தேருக்கு வடம் வாங்கித் தந்தது அவர்கள்தானே
என்றது மற்றது.
வடம் பிடிக்க வருகிறவன்
இரவு எங்கே படுப்பான் என்று
யாராவது கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.
ஒத்திவைக்கப்பட்டது.

மிஞ்சியது சபையின் பழைய களஞ்சியம்.
மேல்மாடி போட்டால் பதினான்கு வீடு.
வாடகை, வருமானத்தில் நாலில் ஒன்று,
அதற்குமேல் ஒரு சதமும் இல்லை.
விண்ணப்பம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

தகைமை, பிரிவு மூன்று:
மூன்று ஆண்டுகள் தீவுக்குள் வசித்தமைக்குச் சான்றாக
விண்ணப்பதாரியின் பெயரிலுள்ள மின்கட்டணச் சிட்டை.

பேனை நின்றது.

ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் தவமலர்.
ஒன்பது வருசத்தில் ஐந்து அறை மாறினார்,
ஐந்து சிட்டையிலும் வேறு வேறு வீட்டுக்காரர் பெயர்.
தையற்காரர் மீராலெப்பை
வெட்டுமேசைக்குக் கீழே தூங்குகிறார்,
சிட்டை கடை முதலாளிக்கு.
ஆறு மாத முற்பணத்துக்காக
கேக் போறணையை விற்ற ஒலிவ் றொசைரோ,
இனி எதைச் சுட்டு வாடகை கட்டுவார்?
தன் பெயரில் வெளிச்சம் உள்ளவர்
ஏன் இந்த வரிசையில் நிற்கப்போகிறார்!

நானும்தான், போன தையில்
பாலம் கடந்து நாவற்குடாவுக்கு மாறினேன்.
சபை ஊழியர் விண்ணப்பிக்கலாகாது, பிரிவு ஒன்பது.
அதையும் என் கையாலேதான் எழுதினேன்.

தேநீர் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.
பிரிவு மூன்றின் முற்றுப்புள்ளியை அழித்தேன்.
அல்லது, பிள்ளையின் கிளினிக் அட்டை.
அல்லது, பாடசாலை வரவு இடாப்பு.
அல்லது, அயலார் இருவரின் கையொப்பம்.

பிறகு தலைவர் முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தார்.
முதலாவது "அல்லது" வந்தபோது செருமினார்,
பிளேன்ரீயில் இஞ்சி கூட.
முன்மொழிவு, வழிமொழிவு,
ஏகமனதாக.

அதனால் பதினான்கு பதினைந்தாகவில்லை.
இது எனக்குத் தெரியும்.
களஞ்சியத்துக்குக் கூரை வேறு ஒழுகுகிறது.

திங்கட்கிழமை கவுண்டருக்குத் தவமலர் வந்தார்.
பொலித்தீன் பைக்குள் பைக்குள் பை,
அதற்குள் எண்ணெய் பட்ட கிளினிக் அட்டை.
எடை போட்ட திகதிகள்,
ஒவ்வொன்றுக்கும் தீவுக்குள் ஒரு விலாசம்,
வெட்டி வெட்டி எழுதியபடி.
"இது செல்லுமா, தங்கச்சி?"
செல்லும் என்றேன்.
"மறுகா?"
மறுகா, குலுக்கல்.

பெட்டிக்கு ஒதுக்கீடு இல்லை.
பிஸ்கட் தகரம் ஒன்றை எடுத்து
மூடியில் நானே வட்டம் வெட்டினேன்,
ஒரு கை நுழையும் அளவுக்கு.
விளிம்பு கூர்.
துணி வைத்துத் தைக்கவேண்டும்,
மீராலெப்பையிடம் கொடுத்திருக்கிறேன்.